பின்பக்கமாக ஓடியவர் உன் அப்பா

என் மகனுக்கு,

காஜா பெராங் வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். நல்ல செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதற்குப் பிறகு வருகிறேன். உன் அக்காவின் மூத்தவள் கோமதிக்கு, செங் ஊரில் அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பதவி கொடுத்திருக்கிறார்கள். நீல மேல்சட்டை போட்டுக்கொண்டு இருபது பெண்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கிறாளாம். அந்தச் சட்டைக்கு என் கையால் இஸ்திரி போட வேண்டும் என்பதற்காகவே போன வாரம் அவர்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். அவள் தம்பி சேகர் பண்டார் ஹிலிரில் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டும் வேலையில் நிலைத்துவிட்டான். ஆங்கிலம், மலாய், கொஞ்சம் சீனம் போதாதென்று இப்போது ஜப்பான் பாஷையும் கற்றிருக்கிறான். என் எதிரில் நின்று குனிந்து வணக்கம் சொல்லிக் காட்டினான். நன்றாயிருக்கிறது என்றுதான் சொன்னேன். உன் கதிரவன் படிவம் மூன்றில் கணக்குப் பாடத்தில் பள்ளிக்கே முதலாக வந்ததைக் காய்கறிக்காரரிடம் சொன்னேன், தபால்காரரிடம் சொன்னேன், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடமும் சொன்னேன். அந்த அம்மா பதிலுக்குத் தன் பேரனைப் பற்றி ஆரம்பித்தார். நான் எழுந்து பிராகாரம் சுற்றப் போய்விட்டேன்.

கடைசியாக உன் மகள், நம் வானதி. எட்டு வயதில் தேவாரப் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பெண் பாடியதை நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் வானதிக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். இதற்கும் மேலே இன்னொன்றைச் சேர்த்திருக்கிறேன். கோலாலம்பூரில் நீ கூட்டிப்போன அந்தச் சறுக்கு அரங்கில், சக்கரச் சப்பாத்து கட்டிக்கொண்டு, ஓரத்துக் கம்பியைத் தொடாமல் ஒரு முழுச் சுற்று வந்தாளாம். நீ அதைக் கடிதத்தில் அரை வரியில் எழுதிவிட்டு, அடுத்த சுற்றில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்ததை ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் அந்த அரை வரியைத்தான் நாலைந்து தடவை படித்தேன்.

அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததையும் படித்தேன். மாவுக்கட்டு பிரித்த பிறகும் அவளை அங்கே கூட்டிப்போக மாட்டேன் என்றும், கேட்டு அழுதால் அதட்டிவிடுவதாகவும் எழுதியிருந்தாய். "நம் குடும்பத்துக்கு இதெல்லாம் பழக்கமில்லை அம்மா. அப்பா ஒரு நாளாவது என் கையைப் பிடித்து விளையாடக் கூட்டிப்போயிருந்தால், பிள்ளையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று எனக்கும் தெரிந்திருக்கும்" என்று எழுதியிருந்தாய். உனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இத்தனை வருஷமும் மனதில் வைத்திருந்ததால்தானே அப்படி எழுத வந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அன்றைக்கு முழுவதும் நான் ஒன்றும் சமைக்கவில்லை. நீ எழுதியது தப்பு. ஆனால் நீ தப்பாக நினைத்துக்கொண்டதற்குக் காரணம் நீ அல்ல, உன் அப்பாவும் அல்ல. நான்தான். அதை இந்தக் கடிதத்தில் எழுதிவிடுகிறேன். இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு வயதில்லை.

நீ பிறந்தபோது உன் அப்பா தவுக்கே என்று நாம் சொல்லும் சீன முதலாளி ஒருவரின் ரப்பர்க் கிடங்கில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். புகை போட்ட ரப்பர்த் தட்டுகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கிற பெரிய கிடங்கு. தகரக் கூரை, வழவழவென்று சிமெண்டுத் தரை. ஜப்பான்காரன் வந்ததும் கப்பல் நின்றது, ரப்பரை வாங்க ஆளில்லை. தவுக்கே குடும்பத்தோடு உள்ளே எங்கோ தோட்டத்துப் பக்கம் ஒளிந்துகொள்ளப் போகும்போது, கிடங்குச் சாவியை உன் அப்பாவிடம் கொடுத்தார். சாவியோடு ஒரு ஜோடி சக்கரச் சப்பாத்தும் கொடுத்தார். தம் பையன்களுக்கு வாங்கியது, தூக்கிக்கொண்டு போக முடியவில்லை, உன் பிள்ளைகளுக்கு வைத்துக்கொள் என்றாராம். உன் அப்பா அதைக் கொண்டுவந்து தரையில் வைத்தபோது, ஒரு மூட்டை அரிசி கொடுத்திருக்கக் கூடாதா என்றுதான் நான் கேட்டேன்.

இரும்பில் செய்தது. இன்றைக்கு உன் ஊரில் கிடைப்பது மாதிரிச் சப்பாத்தோடு சேர்ந்தது இல்லை. அடியில் ஒரு தகடு, நான்கு இரும்புச் சக்கரம், சப்பாத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்க இரண்டு பக்கமும் கொக்கி. கவ்விக்கொள்ள நம் வீட்டில் யாரிடம் சப்பாத்து இருந்தது? உன் அக்காவுக்கு ஏழு வயது, உனக்கு நாலரை. இரண்டு பேரும் வெறுங்கால். உன் அப்பா யோசித்து, சீனர்கள் குளிக்கிற இடத்தில் போட்டு நடப்பார்களே, அந்த மரக்கட்டைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி, அதன் அடியில் தகட்டை இறுக்கினார். மேலே சைக்கிள் டியூபைக் கீறிப் பட்டையாக்கிக் காலோடு சேர்த்துக் கட்டினார். இருப்பதோ ஒரு ஜோடி. முதலில் யார் என்று நீயும் அக்காவும் அடித்துக்கொண்டீர்கள். முறை வைத்தால் ஒருவர் சறுக்கும்போது இன்னொருவர் அழுகிறீர்கள். உன் அப்பா வலது காலுக்கு உள்ளதை அக்காவுக்கும், இடது காலுக்கு உள்ளதை உனக்கும் கட்டிவிட்டார். ஆளுக்கு ஒரு கால் சக்கரத்தில், ஒரு கால் தரையில். தரையில் இருக்கும் கால் உந்த வேண்டும். சக்கரத்துக் கால்கள் இரண்டும் நடுவில் வருகிற மாதிரி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். "இப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளு. ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் விழுவீங்க, பாத்துக்குங்க" என்றார்.

தம்பி, உன் அப்பாவை நீ எப்போதும் உட்கார்ந்திருக்கப் பார்த்தவன். ஆகவே இதை நிதானமாகப் படி. ஞாயிறு தோறும் கிடங்குக்குக் கூட்டிப்போய், உங்கள் இரண்டு பேருக்கும் எதிரில், உங்களைப் பார்த்தபடி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அவர் பின்பக்கமாக ஓடினார். அந்தக் கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார். ரப்பர்க் கட்டு எங்கே இருக்கிறது, தூண் எங்கே இருக்கிறது என்று அவர் காலுக்குத் தெரியும். கையை உங்களிடம் கொடுக்க மாட்டார், ஒரு சாண் தள்ளியே வைத்திருப்பார். எட்டிப் பிடிக்கலாம் என்கிற ஆசையில் நீங்கள் உந்திக்கொண்டே வருவீர்கள். சாயப் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு சாண் அவர் பக்கமிருந்து குறையும். நான் ஓரமாகக் கோணி விரித்து, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் காலத்தில் காலையும் கிழங்கு, மாலையும் கிழங்கு. நீ கிழங்கைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வாய். கிடங்கில் ஒரு மணி நேரம் சறுக்கிய பிறகு மட்டும் ஒன்றும் பேசாமல் இரண்டு துண்டு தின்பாய். எனக்கு அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும்.

விழாமல் இருந்தீர்களா என்றால், விழுந்தீர்கள். உன் அப்பா தூக்கிவிட மாட்டார். ஓடிவந்து பக்கத்தில் தானும் தொப்பென்று உட்கார்ந்து, "நானும் விழுந்துட்டேன், யாரு என்னைத் தூக்குறது?" என்பார். நீ அழுகையை நிறுத்திவிட்டு அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்ப்பாய். இரண்டு பேரும் எழுந்துவிடுவீர்கள். நானாயிருந்தால் ஓடிவந்து, எங்கே அடி, எங்கே அடி என்று கத்தி, உனக்கு இல்லாத வலியையும் உண்டாக்கியிருப்பேன். வானதி விழுந்தபோது நீ என்ன செய்தாய் என்று எழுதவில்லை. நீ என் பிள்ளை என்பதால் எனக்கே தெரிகிறது.

இன்னொன்றையும் எழுதுகிறேன், மருமகளிடம் படித்துக் காட்டினாலும் பரவாயில்லை. ஒரு ஞாயிறு உன் அப்பா என்னையும் விடவில்லை. "இந்தா புள்ள, எந்திரி. உனக்கும் இருபத்தஞ்சு வயசுதான் ஆவுது, கெழவி மாதிரி ஒக்காந்திருக்க" என்றார். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றேன். தகரக் கூரையில் இருக்கிற புறாவைத் தவிர யார் இருக்கிறார்கள் என்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு எழுந்தேன். மரக்கட்டை என் பாதத்துக்குச் சிறியது, குதிகால் வெளியே நின்றது. உன் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, "விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். கண்ணைத் திறந்தபோது பாதிக் கிடங்கைத் தாண்டியிருந்தேன். அவர் விட்டிருந்தார். நீயும் அக்காவும் இரண்டு பக்கமும் ஓடிவருகிறீர்கள், அக்கா கை தட்டுகிறாள். ஊரே பசியில் கிடந்த காலம் அது. என் வாழ்க்கையில் மிகவும் சிரித்த நாள் எது என்று யாராவது கேட்டால், பிள்ளைகள் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும் என்று தெரியும், ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நாள்தான்.

சத்தம்தான் என்னைக் கெடுத்தது. இரும்புச் சக்கரம் சிமெண்டில் உருளும் சத்தம் தகரக் கூரையில் பட்டு இரண்டு மடங்காகும். தெருவில் நின்றால் உள்ளே லாரி ஓடுகிறது போலக் கேட்கும். பக்கத்து வீட்டில், தலைமுறை தலைமுறையாக மலாயே பேசிவந்த செட்டிக் கம்பத்துத் தமிழர் வீட்டு மாமி ஒருவர் இருந்தார். பொட்டும் வைப்பார், பொங்கலும் வைப்பார், தமிழில் மாமா, மாமி என்கிற முறைப் பேர்களைத் தவிர அதிகம் வராது. அவர் ஒருநாள் வேலி ஓரமாக வந்து, "பீசிங் சங்காட்" என்றார். சத்தம் அதிகமாயிருக்கிறது, ஜப்பான்காரர்கள் காதில் விழுந்தால் வருவார்கள், வந்தால் உன் புருஷனைத்தான் பார்ப்பார்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்போது சயாமில் ரயில் பாதை போடத் தமிழ் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை. கடைத்தெருவுக்குப் போன ஆண்பிள்ளை வீடு திரும்பும் வரை பெண்கள் வாசலிலேயே நின்ற காலம்.

சத்தத்தைக் குறைக்க நான் ஒரு வேலை செய்தேன். வீட்டில் தலைக்கும் விளக்குக்கும் சேர்த்து ஒரு சின்னப் போத்தல் தேங்காயெண்ணெய்தான் இருந்தது. அதில் பாதியைச் சக்கரங்களில் ஊற்றினேன். ஊற்றினால் கிறீச்சிடுவது நிற்கும் என்று நினைத்தேன். கிறீச்சு நின்றது. எண்ணெய் வழிந்து சிமெண்டுத் தரையெல்லாம் கோடு கோடாக இறங்கியது. இரண்டாவது சுற்றில் தரையில் இருந்த உங்கள் வெறுங்கால் வழுக்கி, அக்கா மோவாய் அடிபட விழுந்தாள், நீ அவள் மேல் விழுந்தாய். உன் அப்பா பக்கத்தில் உட்கார வந்தவர், தாமே நிஜமாக வழுக்கி விழுந்தார். அக்காவின் மோவாயில் ஒரு தழும்பு இருக்கிறதே, படியில் விழுந்தது என்று நான் சொல்லி வந்தேனே, அது படியில் விழுந்தது இல்லை. என் எண்ணெயில் விழுந்தது. உருளும் சத்தமும் கொஞ்சம்கூடக் குறையவில்லை.

இனிமேல் வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை, அன்றும் கோபிக்கவில்லை. "வாரத்துல ஒரு மணி நேரம் புள்ள. அந்த ஒரு மணி நேரம் புள்ளைங்க பசின்னு சொல்லுறதில்ல. அத நிறுத்தச் சொல்லாத" என்றார். நான் அவருக்குத் தெரியாமல் வேறு காரியம் செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை பகலில், அவர் கிழங்குக் கொல்லைக்குப் போயிருந்தார். நீயும் அக்காவும் மாமி வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். நான் பரணிலிருந்து சப்பாத்துகளை எடுத்தேன். மரக்கட்டையோடு போட்டால் மிதந்து காட்டிக்கொடுக்கும் என்று, உட்கார்ந்து டியூபை அவிழ்த்து, தகட்டைக் கழற்றி, இரும்பை மட்டும் தனியாக எடுத்தேன். அவ்வளவு நிதானமாகச் செய்தேன் தம்பி, ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. வீட்டுக் கிணற்றில் ஒவ்வொன்றாகப் போட்டேன். மரக்கட்டைகளை அடுப்பில் வைத்தேன். ஞாயிறு வந்ததும் நீங்கள் தேடினீர்கள். யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றேன். இரும்புக்கு அலைகிறார்கள், எடுத்திருப்பார்கள் என்றேன். நீ பாயில் புரண்டு அழுதாய். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அவர் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள கோயிலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். பிள்ளையாரைக் கும்பிட்டதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பிறகு ஆற்றோரத்தில் மரக்கட்டைச் செருப்பு செய்யும் சீனர் கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது லாரி வந்து நின்றதாம். அந்த மூலையில் இருந்த தமிழ் ஆண்கள் எல்லாரையும் ஏற்றினார்கள். செய்தியைக் கொண்டுவந்த ஆளிடம், அந்தக் கடையில் அவருக்கு என்ன வேலை என்றுதான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றலாம் என்று எதைக் கிணற்றில் போட்டேனோ, அது இல்லாததால்தான் அவர் தெருவுக்குப் போனார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. கிடங்கில் சத்தத்தைக் கேட்டு ஒரு ஜப்பான்காரனும் கடைசி வரை வரவில்லை.

அப்பா எங்கே என்று நீ கேட்கும்போதெல்லாம், புதுச் சக்கரம் வாங்கப் போயிருக்கிறார் என்றேன். அவர் போன பிறகு கிழங்குக் கொல்லையை நான் கொத்தினேன். மாமி தன் வீட்டுக் கஞ்சியில் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கிண்ணம் ஒதுக்கினார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு ஒருநாள் சாயங்காலம் வாசலில் ஒரு ஆள் குச்சியை ஊன்றி நின்றார். வலது கால் முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் புண் தின்றிருந்தது. நீ என் பின்னால் ஒளிந்துகொண்டு, "இவரு யாரு?" என்று கேட்டாய். அவர் உன்னிடம் கையை நீட்டினார். நீ வரவில்லை. பிறகு அவர் அதிகம் நீட்டவும் இல்லை.

புண் ஆறிற்று, கால் நேராகவில்லை. அந்தப் பாதம் தரையில் தட்டையாகப் பதியவே இல்லை. உன் பள்ளி விளையாட்டுப் போட்டியில் அப்பாக்களுக்கும் ஓட்டம் உண்டு என்று நீ வந்து கூப்பிட்டாயே, அவர் எரிந்து விழுந்தார், "அதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல" என்றார். நீ அந்த வார்த்தையை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாய். அன்றைக்கே உன்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், உன் அப்பா மாதிரி ஓடியவர் இந்த ஊரில் இல்லை, அதுவும் பின்பக்கமாக ஓடியவர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எங்கே ஓடினார், எதற்கு ஓடினார், சப்பாத்து என்ன ஆயிற்று என்று கேட்பாய். கடைசியில் கிணற்றுக்கு வந்து நிற்பாய். அதனால் சொல்லவில்லை. அக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. தம்பிக்கு மறந்துவிட்டது, நீ கிளறாதே என்று அவள் வாயையும் மூடினேன். என் ஒரு தப்பை மறைக்க உன் அப்பாவின் ஓட்டத்தையே உன்னிடமிருந்து மறைத்துவிட்டேன். கிணற்றில் போட்டதைவிட இதுதான் பெரிய தப்பு என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

அவரிடம் சொல்லிவிட்டேன். நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருஷம், அவர் படுத்த படுக்கையானபோது, கஞ்சி கொடுத்துக்கொண்டே சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூடத் தைரியமில்லை. அவர் முழுங்கிவிட்டுச் சொன்னார்:

"தெரியுமே. காலையில தண்ணி எறைக்கிறது நான்தானே. வாளி ரெண்டு நாளா இரும்புல இடிச்சுது."

"தெரிஞ்சா ஏங்க கேக்கல?"

"கேட்டா அழுவே. எடுத்தா திரும்பவும் போடுவே."

"அப்புறம் அந்தக் கடைக்கு எதுக்குப் போனீங்க?"

"மரத்துல சக்கரம் கடைஞ்சு தருவானான்னு கேக்கப் போனேன். மேல ரப்பர் சுத்திட்டா சத்தம் வராதில்ல. சத்தம் இல்லன்னா நீ விடுவேன்னு நெனச்சேன்."

இவ்வளவுதான் பேசினோம். கஞ்சியைக் குடித்து முடித்ததும், சீனன் செய்து தருவதாக ஒப்புக்கொண்டான் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கிடங்கில் பார்த்தது. அடுத்த மாதம் போய்விட்டார்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவள் ஆசிரியருக்குப் புத்தி சொல்வதா என்று நினைக்காதே, இது பள்ளிக்கூடத்தில் இல்லாத பாடம். பிள்ளைக்கு அடிபடும் என்று நீ பயப்படுவதில் தப்பில்லை. எனக்கிருந்த பயமும் பொய்ப் பயமில்லை, லாரி நிஜமாகவே வந்தது. ஆனால் பயத்தை அவரிடம் வாயால் சொன்னபோது நாங்கள் இரண்டு பேராக இருந்தோம், அவர் அதற்கு ஒரு வழி யோசிக்க முடிந்தது. அதை நான் ஒளித்துச் செய்தபோது தனி ஆளாகிவிட்டேன், அவரையும் தனியாகத் தெருவுக்கு அனுப்பிவிட்டேன். நீ வானதியை அதட்டாதே. அப்பாவுக்குப் பயமாயிருக்கிறது என்று அவளிடம் சொல். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். ஏழு வயதில் உன் அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தே புரிந்தது.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு அவளைக் கூட்டிப்போ. தனியாக விட்டுவிட்டு ஓரத்தில் காப்பி குடிக்காதே, மருமகளையும் கதிரவனையும் அழைத்துக்கொண்டு நாலு பேருமாகப் போங்கள். நீ சப்பாத்து கட்டிக்கொள்ள வேண்டாம், வெறுங்காலோடு உள்ளே விடுவார்களா என்று கேட்டுப் பார். அவள் எதிரில் போய் நில். கையை ஒரு சாண் தள்ளி நீட்டு. பின்பக்கமாகப் போ. உனக்குப் பழக்கமில்லை என்று இனிமேல் எழுதாதே. நாலரை வயதில் ஒரு வருஷம் ஞாயிறு தோறும் நீ கற்றுக்கொண்டது அது. உனக்கு நினைவில்லை என்பதால் இல்லாமல் போய்விடாது. அவள் விழுந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள். உன் உடம்புக்கு எழுந்திருப்பது சிரமம்தான், அவள் தூக்கிவிடுவாள்.

என் மேல் கோபம் வந்தால் அதையும் எழுது. இரண்டு பக்கம் வேண்டுமானாலும் எழுது, நான் படித்துக்கொள்கிறேன். அக்காவுக்கும் எழுது. நான் மூடிய வாயை நானே நேற்றுப் போய்த் திறந்துவிட்டு வந்தேன். உனக்குச் சொல்ல அவளிடம் நிறைய இருக்கிறது, நான் மறந்ததும் இருக்கும்.

அந்தச் சறுக்கு அரங்கில் யாரிடமாவது கேமராவைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொல். ஸ்டூடியோவில் வரிசையாக நிறுத்தி எடுத்தது எனக்கு வேண்டாம். வானதி முகம் தெரிய வேண்டும், உன் முதுகு தெரிந்தால் போதும். கை இரண்டும் எட்டாமல் இருக்கிற சமயம் பார்த்து எடுக்கச் சொல். பெரிதாகக் கழுவி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மடங்காமல் தபாலில் அனுப்பு.

அம்மா